பேட்டரி டிராயரைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்

2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருந்தவர்களுக்கு அந்த ராத்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 11ஆம் தேதி மழை விடாமல் கொட்டி, சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் கரண்ட் போய், பின்பக்க மேட்டிலிருந்து மண் சரிகிறதா என்று பார்க்கலாம் என டார்ச்சை எடுத்தால், ஸ்விட்ச் 'டக்' என்றது, வெளிச்சம் வரவில்லை. அடிமூடியைத் திருகப் பார்த்தேன், அசையவில்லை. மறுநாள் இடுக்கி போட்டுத் திறந்தபோது உள்ளே இரண்டு கட்டை பேட்டரியும் உப்புப் பூத்து டார்ச்சின் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. போட்டு இரண்டு வருஷம் இருக்கும், அதில் நான் எரித்த நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் பத்து நிமிஷம் தேறாது.

அந்த ராத்திரியை ஆயாவின் காமாட்சி விளக்கை வைத்து ஓட்டினோம். "இத்தன பேட்டரி வாங்கிப் போட்டிருக்கியே தம்பி, ஒண்ணாச்சும் எரியுதா?" என்று கேட்டார். பதில் இல்லை. டிராயரில் அப்போது முப்பது பேட்டரிக்கு மேல் இருந்தன, புதுசு, பழசு, பாதி தீர்ந்தது எல்லாம் ஒரே குவியலாக.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2023இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது நாம் எல்லோரும் டார்ச், தலையில் மாட்டும் விளக்கு, சார்ஜ் ஏறும் பல்பு என்று வாங்கிக் குவித்தோம். 2024 மார்ச்சுக்குப் பிறகு கரண்ட் வெட்டு வெகுவாகக் குறைந்தது, நல்லதுதான், ஆனால் அந்தச் சாமான் எல்லாம் பேட்டரியோடு அலமாரியில் மறந்து கிடக்கிறது. வீட்டில் பேட்டரி வீணாவதற்கு உழைப்பைவிடச் சும்மா கிடப்பதுதான் பெரிய காரணம்.

கடையில் நிற்கும்போது

டபுள் ஏ, ட்ரிபிள் ஏ அளவில் கடையில் தொங்குவது நாலு வகை. மலிவானது ஜிங்க் கார்பன். இதன் அட்டையில் 'ஹெவி டியூட்டி' என்றோ அதற்கு முன்னால் ஒரு 'சூப்பர்' சேர்த்தோ போட்டிருப்பார்கள், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், நாலில் சக்தி குறைந்தது இதுதான். வெளிக்கூடே துத்தநாகத் தகடு, அந்தத் தகடுதான் கரைந்து மின்சாரம் தருகிறது, அதனால் தீரத் தீரக் கூடு மெலிந்து ஓட்டை விழுந்து ஒழுகும்.

இரண்டாவது அல்கலைன். இதுவும் 1.5 வோல்ட்தான், ஆனால் துத்தநாகம் பொடியாக, கூழ் மாதிரி நடுவில் இருக்கும், வெளியே இரும்புக் கூடு, சாதா பேட்டரியைவிடப் பல மடங்கு ஓடும். மூன்றாவது திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, இது 1.2 வோல்ட். நாலாவது 1.5 வோல்ட் லித்தியம், விலை அதிகம், கையில் எடுத்தால் இறகு மாதிரி இருக்கும், 15 கிராம்தான். ஒழுகுவது அபூர்வம், தயாரிப்பாளர்களே 20 வருஷம் வரை வைக்கலாம் என்று போடுகிறார்கள்.

அட்டையில் என்ன பாஷையில் எழுதியிருந்தாலும் சரி, பேட்டரியின் உடம்பில் சின்ன எழுத்தில் ஒரு குறி இருக்கும். டபுள் ஏ அளவுக்கு ஆர்6 என்றால் ஜிங்க் கார்பன், எல்ஆர்6 அல்கலைன், எச்ஆர்6 சார்ஜ் ஏறுவது, எஃப்ஆர்6 லித்தியம். ட்ரிபிள் ஏ என்றால் 6க்குப் பதில் 03. இதைத் தெரிந்து வைத்தால் 'பவர்', 'அல்ட்ரா', 'மேக்ஸ்' எதுவும் உங்களை ஒன்றும் செய்யாது.

நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். நகரத்தில் ஒரு கடையில் 'அல்கலைன்' என்று பளபளவென எழுதிய எட்டு பேட்டரி, விலையைக் கேட்டதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பிள்ளையின் ரிமோட் காரில் போட்டேன், கார் ஹால் தாண்டி அடுப்படி வரைக்கும் போனது, அத்தோடு சரி. அப்புறம் சமையலறைத் தராசில் வைத்தேன். நல்ல டபுள் ஏ அல்கலைன் 23 கிராம் பக்கம் நிற்கும், இது 15ஐத் தாண்டவில்லை. உள்ளே இருந்தது ஜிங்க் கார்பன். அன்றிலிருந்து தெரியாத பிராண்டை முதலில் தராசில் வைக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

சரி, எதில் எதைப் போடுவது? சாமானின் பசியைப் பாருங்கள். சுவர்க்கடிகாரமும் டிவி ரிமோட்டும் குருவி மாதிரி கொத்தித் தின்பவை, அவற்றுக்கு அல்கலைன் போதும், கடிகாரத்துக்கு ஜிங்க் கார்பன்கூட ஓடும், ஒழுகினால் கடிகாரமும் சேர்ந்து போகும் என்பதால் நான் போடுவதில்லை. மோட்டார் உள்ள பொம்மை, கேம் கண்ட்ரோலர், கேமரா ஃபிளாஷ் இவை வேறு ரகம், அதில் ஜிங்க் கார்பன் போடுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அல்கலைன் போட்டால் ஓடும், ஆனால் வாரத்துக்கு நாலு வாங்கி மாளாது, அங்கே சார்ஜ் ஏறுவதைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். வருஷத்தில் இரண்டு தரம் மட்டும் தேவைப்படும் டார்ச்சுக்கு லித்தியம். விலையைப் பார்த்து முகம் சுளிக்கத் தோன்றும், ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு நான் அதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

"1.2 வோல்ட் போதுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அல்கலைன் 1.5இல் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும், பாதி வாழ்க்கையில் அதுவும் 1.2 பக்கம்தான் நிற்கும். சார்ஜ் ஏறுவது தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் 1.2ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, முடிவில் சட்டென்று விழும். ஆக 1.2இல் ஓடாத சாமான் அல்கலைனையும் பாதியிலேயே வீணடிக்கிற சாமான்தான். சில பழைய பிளட் பிரஷர் மெஷின்கள் மட்டும் புதுசாகச் சார்ஜ் ஏற்றிப் போட்டாலும் 'பேட்டரி குறைவு' என்று காட்டும், அதற்கு அல்கலைனே போட்டுவிடுங்கள்.

சார்ஜ் ஏறுவதை வாங்கும்போது 'ப்ரீ சார்ஜ்டு' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரகம் சும்மா வைத்தாலே மாசக்கணக்கில் தானாகக் காலியாகிவிடும், 2005க்குப் பிறகு வந்த இந்த ரகம் ஒரு வருஷம் கழித்தும் பெரும்பங்கைக் காப்பாற்றி வைத்திருக்கும். எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்று போட்டிருக்கும் எண் பெரிதாக இருந்தால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். டபுள் ஏயில் 2000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டது, 2500 என்று போட்டதைவிட அதிக தடவை சார்ஜ் தாங்கும். 3500, 4000 என்று போட்டிருந்தால் அது பொய், அந்தக் கூட்டுக்குள் அவ்வளவு அடங்காது. சார்ஜ் விளக்கிலும் பெரிய டார்ச்சிலும் வருகிற 18650 என்ற லித்தியம் அயான் செல்லிலும் இதே கூத்து, 9900 என்று அச்சடித்து விற்கிறார்கள், நல்ல கம்பெனிச் செல்லே 3500ஐ ஒட்டித்தான் தரும்.

சார்ஜர் வாங்கும்போது ஒவ்வொரு செல்லுக்கும் தனி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஜோடி ஜோடியாக மட்டும் ஏற்றுகிற மலிவுச் சார்ஜர், ஒன்று நிறைந்தும் இன்னொன்றுக்காக ஏற்றிக்கொண்டே இருந்து இரண்டையும் கெடுக்கும். முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்து வழக்கம், இப்போது அது வேண்டாம்.

கேட் ரிமோட்டுக்கு ஒரு வரி. பலவற்றில் 23ஏ என்ற 12 வோல்ட் குட்டி பேட்டரி, பிரித்தால் உள்ளே எட்டு பொத்தான் செல் அடுக்கியிருக்கும், பிரிக்காதீர்கள். மற்றவற்றில் நாணய பேட்டரி. கடைக்குப் போகும் முன் மூடியைத் திறந்து எண்ணை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மழையில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு எண்ணை யோசிப்பது பெரிய கொடுமை.

போட்ட பிறகு

புதுசையும் பழசையும் சேர்த்துப் போடாதீர்கள். இரட்டை மாட்டு வண்டியில் ஒன்று நொண்டி என்றால் நல்ல மாடு அதையும் சேர்த்து இழுக்கும், இங்கே அதைவிட மோசம், பலமான செல்கள் தளர்ந்த செல்லின் வழியாக மின்சாரத்தைத் தள்ளி அதை எதிர்த் திசையில் திருப்பிவிடும், உள்ளே வாயு சேர்ந்து வெடிப்பு விட்டு ஒழுகும். நாலு போடுகிற சாமான் என்றால் நாலையும் ஒன்றாக மாற்றுங்கள், வேறு வேறு வகையையும் கலக்காதீர்கள். சார்ஜ் ஏறுவதை நாலு நாலாக ஒரே நிறப் பேனாவால் குறியிட்டு வைத்தால் குடும்பம் பிரியாமல் இருக்கும்.

சாதா அல்கலைனைச் சார்ஜரில் போடக்கூடாது. வெயிலில் காய வைப்பது, பல்லால் கடிப்பது இதெல்லாம் தாத்தா காலத்து டிரான்சிஸ்டர் வைத்தியம். எங்கள் தாத்தா லோட்டஸ் என்ற ரேடியோ நிலையத்தில் தமிழ்ப் பாட்டு வரும் நேரத்துக்குச் சரியாகச் செல்லை ஜன்னலில் வைத்துச் சூடேற்றி எடுத்துப் போடுவார், கொஞ்ச நேரம் பாடவும் செய்யும். சூட்டில் உள்ளே ரசாயனம் சற்று வேகமாக நகர்ந்து கடைசிச் சொட்டைத் தருகிறது, அவ்வளவுதான், புதுசாக எதுவும் ஏறுவதில்லை, ஒழுகுவது மட்டும் சீக்கிரம் நடக்கும்.

தரையில் போட்டுத் துள்ளுகிறதா என்று பார்ப்பதும் அரை உண்மைதான். அல்கலைன் தீரத் தீர உள்ளே இருக்கும் கூழ் இறுகித் துள்ள ஆரம்பிக்கும், ஆனால் பாதி தீர்ந்ததுமே முழுத் துள்ளலும் வந்துவிடும். துள்ளாமல் 'தொப்' என்று விழுந்தால் புதுசுக்குப் பக்கம், துள்ளினால் புதுசு இல்லை, இதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. மலிவான மல்டிமீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: அல்கலைன் 1.5க்கு மேல் காட்டினால் புதுசு, 1.2, 1.3 காட்டினால் பொம்மையிலிருந்து எடுத்துக் கடிகாரத்துக்குப் போடலாம், 1க்குக் கீழே போனால் விடை கொடுத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். நம் ஊர் ஜனவரிப் புழுக்கத்தில் வெளியே எடுத்ததுமே பேட்டரி மேல் நீர் கோத்துக்கொள்ளும், அது துருவுக்கு அழைப்பு. வெயில் படாத அலமாரி போதும். காரின் டாஷ்போர்டு வேண்டவே வேண்டாம்.

சும்மா கிடப்பதற்கு வருகிறேன். ஒரு மாசத்துக்கு மேல் தொடமாட்டீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். தீபாவளி விளக்குச் சரம், கிறிஸ்துமஸ் பொம்மை, பழைய ரேடியோ, எடை மெஷின், எல்லாம் இதில் அடங்கும். அவசர டார்ச்சை மட்டும் இப்படி வைக்க முடியாது, இருட்டில் யார் தேடிப் போடுவது? அதனால்தான் அதில் லித்தியம். நாங்கள் வருஷத்துக்கு இரண்டு தரம் பார்க்கிறோம், தைப்பூசக் காவடிக்கு வீடு கழுவும்போது ஒன்று, புரட்டாசி விரதத்துக்கு முன்னால் சமையலறையைக் கவிழ்த்துச் சுத்தம் செய்வோமே, அப்போது ஒன்று. அண்டா துலக்குகிற நாளில் டார்ச்சையும் திறந்து பார்க்க ஐந்து நிமிஷம். சார்ஜ் ஏறும் பல்பும் விளக்கும் லித்தியம் அயான் என்றால் முழுக்கக் காலியாக விடாதீர்கள், மூன்று நாலு மாசத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றி பாதி அளவில் வைத்தால் நீண்ட நாள் வரும்.

ஒழுகிவிட்டதா? வெள்ளையாகப் பூத்திருப்பது அல்கலைனில் இருந்து வந்தால் அது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றுப் பட்டு உப்பானது. கையுறை போட்டுக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போகாமல், பேட்டரியை எடுத்து பிளாஸ்டிக் பையில் போடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டு ஸ்பிரிங்கில் தேய்த்தால் நுரைத்துக் கரையும், பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற மாதிரிதான், ஆனால் இங்கே புளி வேண்டாம், பிசுக்கு நிற்கும். அப்புறம் தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காய வைத்து, பச்சை பிடித்த இடத்தை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். ஜிங்க் கார்பன் ஒழுகினால் அது அமிலப் பக்கம், அதற்கு வினிகர் இல்லை, சோடா உப்பைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். என் டார்ச் இதற்கெல்லாம் அப்பாற்பட்டுப் போயிருந்தது.

காது கேட்கும் கருவி வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் ஒரு விஷயம். அந்தக் குட்டி பேட்டரியின் முதுகில் ஒரு வண்ண ஒட்டு இருக்கும், அதை உரித்தால் ஓட்டை வழியாகக் காற்று போய்த்தான் அது வேலை செய்யத் தொடங்கும். உரித்ததும் ஒரு நிமிஷமாவது வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். திரும்ப ஒட்டினால் பிழைக்காது, அதனால் முன்கூட்டியே உரித்து வைக்க வேண்டாம். ஆயா ஒரு அட்டை முழுக்க உரித்து வைத்துவிட்டு, "எல்லாம் ரெடி பண்ணிட்டேன்" என்றார்.

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். சிஆர் 2032 என்ற நாணய பேட்டரியின் பெயரில் சிஆர் லித்தியம் வட்டு, 20 என்பது 20 மில்லிமீட்டர் அகலம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். நம் ஒரு ரான்ட் காசும் 20 மில்லிமீட்டர்தான், அதனால் பிள்ளைக்கு அது காசுதான். சர்க்கரை பார்க்கும் மெஷின், எடை மெஷின், கேட் ரிமோட், பாடுகிற வாழ்த்து அட்டை, மினுமினுக்கும் சாமி விளக்கு, எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஒழுகித்தான் புண்ணாக்கும் என்று நினைக்க வேண்டாம், ஈரச் சதைக்கு நடுவே மின்சாரம் ஓடி அந்த இடத்திலேயே காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திலேயே ஆழமாகச் சுட்டுவிடும். 'தீர்ந்துபோன பேட்டரிதானே' என்பதும் தப்பு, சாமானை ஓட்ட முடியாத பேட்டரியிலும் சுடுவதற்கு வேண்டிய மின்சாரம் மிச்சம் இருக்கும். பிள்ளைக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கலாம், அல்லது எச்சில் வடியும், இருமும், சாப்பிட மறுக்கும்.

விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள், 'பேட்டரி' என்ற வார்த்தையை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோறோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் இரண்டு டீஸ்பூன் தேன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை வரை கொடுக்கலாம், அது சதையைக் கொஞ்சம் காக்கும். தேன் கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், ஒரு வயதுக்குக் கீழே தேனே வேண்டாம். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். ஆம்புலன்சுக்கு 10177, மொபைலில் இருந்து 112. விஷ ஆலோசனை எண் 0861 555 777, இதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

வாங்கும்போது மூடியில் ஸ்க்ரூ உள்ள சாமானாகப் பாருங்கள். கசப்புப் பூச்சு பூசிய நாணய பேட்டரியும் கிடைக்கிறது, பிள்ளை வாயில் வைத்ததும் துப்பிவிடும், ஆனால் அந்தப் பூச்சால் சில கருவிகளில் தொடுப்பு சரியாக அமையாது, அப்படியானால் பூச்சு இல்லாததைப் போடுங்கள். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க முடிகிற மாதிரி இருந்தால் எரிச்சல்பட வேண்டாம், அது வேண்டுமென்றே செய்தது.

தீர்ந்த பிறகு

கறுப்புக் குப்பைப் பையில் போடாதீர்கள், ஆரஞ்சுப் பையிலும் போடாதீர்கள், அது காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும். லித்தியம் செல் குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், உள்ளே காகிதம் இருந்தால் கேட்கவே வேண்டாம். பையைப் பிரித்துப் பொறுக்குகிறவர்களின் கையும் அதில்தான் போகிறது. இந்த நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் புதைக்கவே கூடாது என்று சட்டம். கிளேர் எஸ்டேட்டில் பிசாசர் ரோடு குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்குப் பக்கத்திலேயே மலை மாதிரி குப்பை குவிந்தால் என்ன வாடை வரும் என்று அவர்கள் சொல்வார்கள். பிராய், அதாவது வெளியில் இறைச்சி சுடும் நெருப்பில் பேட்டரியை வீசுவது பையன்களுக்கு ஒரு வேடிக்கை, வெடித்துச் சிதறும், அதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டில் காலி ஊறுகாய் டப்பா, பிளாஸ்டிக். தகர டப்பா வேண்டாம், முனைகள் தகரத்தில் பட்டால் மின்சாரம் குறுக்கே ஓடும். 9 வோல்ட் சதுர பேட்டரிக்கு இரண்டு முனையும் தலையிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒரு சாவியோ பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோ உரசினாலே போதும், டிராயரிலேயே தீப்பிடித்த கதைகள் உண்டு. அதன் தலையில் டேப் ஒட்டுங்கள், நாணய பேட்டரியை டேப்புக்கு நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மூடுங்கள், எந்த லித்தியம் ஆனாலும் முனையில் டேப். டபுள் ஏ அல்கலைனுக்கு அவ்வளவு அவசியம் இல்லை, நான் சோம்பேறித்தனம் இல்லாத நாளில் அதற்கும் ஒட்டுகிறேன்.

ஊதிப்போன லித்தியம், அதாவது பவர் பேங்கோ பழைய போனோ வயிறு வீங்கி நிற்பது, டப்பாவில் சேர்க்கக்கூடாது. குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில், மணல் போட்ட வாளியில் தனியாக வைத்து, வாங்கிக்கொள்கிறவர்களுக்கு முதலில் போன் செய்து சொல்லிவிட்டுக் கொண்டு போங்கள்.

எங்கே கொடுப்பது? பிக் அண்ட் பே, வுல்வொர்த்ஸ், மேக்ரோ கிளைகள் பலவற்றில் வாசல் பக்கம் பழைய பேட்டரிக்கும் பல்புக்கும் பெட்டி வைத்திருக்கிறார்கள், எல்லாக் கிளையிலும் இருக்காது, உங்கள் கிளையின் வாடிக்கையாளர் மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட் மோட்டாரிலும் அலாரத்திலும் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈய பேட்டரி இந்தப் பெட்டிக்கு இல்லை, அதைக் கார் பேட்டரி விற்கும் கடையில் கொடுங்கள், ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

டப்பா நிறையும் வரை காத்திருக்க வேண்டாம், மாசச் சாமான் வாங்கப் போகும் நாளில் இருப்பதை எடுத்துப் போங்கள். மூடியில் பெரிதாக 'பேட்டரி' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் எழுதாத மாசத்தில் ஆயா அதைத் திறந்து மாங்காய் ஊறுகாய் தேடினார்.